ஜான் கோல்ட்ரேன் கடவுள் நம்பிக்கையால் மட்டுமா ஹெராயினை விட்டார்?

நம்பிக்கை இருந்தது, உண்மை. ஆனால் கேள்வியில் உள்ள ‘மட்டுமா’ என்ற சொல்லுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞரான கோல்ட்ரேன் 1926இல் வட கரோலினாவின் ஹேம்லெட் ஊரில் பிறந்தவர். இரண்டு தாத்தாக்களும் கறுப்பின மெதடிஸ்ட் சபைப் போதகர்கள். பிலடெல்ஃபியாவில் சாக்ஸபோன் கலைஞராக வளர்ந்த காலத்தில், 1940களின் இறுதியில், ஹெராயின் என்ற போதைப்பொருள் ஒட்டிக்கொண்டது; குடியும் சேர்ந்தது. அதனால் 1954இல் சாக்ஸபோன் கலைஞர் ஜானி ஹாட்ஜஸின் குழுவில் இடம் போனது. 1957இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸும் தன் குழுவிலிருந்து வெளியே அனுப்பினார். அதன்பின் பிலடெல்ஃபியா வீட்டில், தாயும் மனைவி நைமாவும் துணையிருக்க, ஹெராயினையும் குடியையும் ஒரேயடியாக நிறுத்தினார். நைமா இஸ்லாத்தைத் தழுவியவர். போதகர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த நாட்களில் ஜெபத்தோடு நைமாவின் தொழுகையும் பக்கத்தில் இருந்தது. பிற்காலத்தில் எல்லா மதங்களையும் நம்புவதாகக் கோல்ட்ரேன் சொன்னதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அவர் செய்த முறையை யாரும் பின்பற்றக் கூடாது. ஹெராயினைக் கடைசியாக எடுத்த 8 முதல் 24 மணி நேரத்துக்குள் உடல் கேட்கத் தொடங்கும்: வியர்வை, எலும்பு வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை. நான்கு முதல் பத்து நாள் நீடிக்கும்; உடலின் நீர் வற்றுவது பெரிய ஆபத்து. அதிகம் குடிப்பவர் குடியைத் திடீரென நிறுத்துவது இன்னும் மோசம். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், பிறகு பிதற்றலும் நடுக்கமும் வந்து உயிரே போகலாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது: சில வாரம் விட்டபின் பழைய அளவையே எடுத்தால் உடல் தாங்காது. மூச்சு நின்று இறப்பவர்களில் பலர் இப்படி ‘விட்டுத் திரும்பியவர்கள்’தான். இன்று ஹெராயின் ஏக்கத்தைத் தணிக்க மெதடோன், புப்ரெனார்ஃபின் மருந்துகள் இருக்கின்றன. மருத்துவர் கண்காணிப்பில் அவற்றை எடுத்துக்கொள்வது நம்பிக்கைக் குறைவு ஆகாது.

விட்ட பிறகு அவர் செய்தது உழைப்பு. அதே 1957இல் ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் வீட்டுக்குக் காலையில் போய் அவரை எழுப்புவார். மங்க் பியானோவில் வாசிக்க, அதை சாக்ஸபோனில் வருமளவும் திரும்பத் திரும்ப வாசிப்பார். குருகுலப் பாடம் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் இருவரும் மாதக்கணக்கில் வாசித்தது அந்தப் பயிற்சியின் பலன்.

கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ ஆல்பம் பதிவானது 1964 டிசம்பர் 9, போதையை விட்டு ஏழு ஆண்டு கழித்து. அந்த இசைத்தட்டின் உறையில் கோல்ட்ரேன் எழுதிய குறிப்பைப் பலர் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். 1957இல் கடவுள் அருளால் ஆன்மிக விழிப்பு பெற்றதாக எழுதியவர், அதற்குப் பின் உறுதி தளர்ந்து, கொடுத்த வாக்குக்கு மாறாக நடந்த ஒரு காலம் இருந்ததையும் அங்கேயே ஒப்புக்கொள்கிறார். எனக்கு இந்த ஒப்புதல்தான் முழுக் குறிப்பிலும் பெரியது. மீட்சியை ஒரே நாள் அற்புதமாகச் சொல்பவர்கள் இதை விட்டுவிடக் கூடாது.

ஆல்பத்தைக் கேட்கும்போது முதல் பகுதியில் ஜிம்மி கேரிசன் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தில் வாசிக்கும் நான்கு ஸ்வரத் துணுக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோல்ட்ரேன் அதைப் பன்னிரண்டு சுருதிகளுக்கும் கொண்டுபோகிறார். பிறகுதான் அதே துணுக்கில் ஆல்பத்தின் பெயரை வாயால் ஓதுகிறார்கள். முதல் தடவை கேட்கும்போது சுருதி மாற்றங்கள் குழப்பம் போலத் தோன்றும். எந்தச் சுருதியில் நின்றாலும் அதே நான்கு ஸ்வரத்தைச் சொல்ல முடிகிறது என்று காட்டுகிறார் என்பது இரண்டாம் தடவை பிடிபடும்.

நான்காவது பகுதியின் பெயர் ‘சால்ம்’. தமிழ் வேதாகமம் அதைச் சங்கீதம் என்றே சொல்கிறது. உறையில் அச்சிட்டுள்ள தன் பிரார்த்தனைக் கவிதையை அசை அசையாக சாக்ஸபோனில் வாசிக்கிறார், வாய்ச்சொல் இல்லாமல். கவிதையைக் கையில் வைத்து வரி வரியாகத் தொடர்ந்தபடி கேளுங்கள். கடவுளுக்கு நன்றி சொல்லும் வரி ஒவ்வொரு முறை வரும்போதும் சாக்ஸபோன் இறங்கி ஓய்வதைக் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம்.