மகன் ஏன் கடைசியாக எழுந்திருக்கிறான்?

கேள்வி: எனக்கு 39 வயது. மூன்று வருடங்களுக்கு முன் ஓர் இறைச்சித் துண்டு நெஞ்சில் சிக்கி, எண்டோஸ்கோபியில் எடுத்தார்கள். 'இயோசினோபிலிக் ஈசோபகைட்டிஸ்', அதாவது ஒவ்வாமையால் வரும் உணவுக்குழாய் அழற்சி என்றார்கள். மனைவியிடம் வாயுத் தொல்லை என்று சொல்லிவிட்டேன். மருந்தில் சரியானதும் நிறுத்திவிட்டேன். மெதுவாகச் சாப்பிட்டுச் சமாளிக்கிறேன். விருந்துகளுக்குப் போவதில்லை. எனக்கு மனிதர்களே ஆகாது என்கிறாள் மனைவி. அவளை வீணாகப் பயமுறுத்த விருப்பமில்லை. சாப்பாட்டில் பத்து வயது மகன்தான் எனக்குத் துணை. என்னைப் போலவே வாய்க்கு வாய் தண்ணீர் குடித்துக் கடைசியாக எழுந்திருப்பான். மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, மனைவி விஷயம் அப்புறம். மகனைப் பற்றி எழுதிய வரியில் உங்களுக்குப் பேனா நிற்கவில்லையா?

வாய்க்கு வாய் தண்ணீர். எல்லாரும் கை கழுவிய பிறகும் தட்டின் முன்னால் ஒரு பிள்ளை. இதற்குத் துணை என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். விஷயம் தெரிந்த டாக்டர் இதைக் கேட்டால் சும்மா விடமாட்டார். பொடிப்பொடியாக வெட்டித் தின்கிறானா, ரொம்ப நேரம் மெல்கிறானா, மாத்திரை என்றால் ஓடுகிறானா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். 'விழுங்கக் கஷ்டமா?' என்று மட்டும் கேட்டால் இந்த நோய்க்காரர்களில் பலர் இல்லை என்றுதான் சொல்வார்கள். கஷ்டம் தெரியாமல் சாப்பிடப் பழகியிருப்பார்கள். நீங்கள் 'சமாளிக்கிறேன்' என்கிறீர்களே, அதுதான் இது.

இது ஒவ்வாமை வகை நோய், குடும்பத்தில் ஓடக்கூடியது. அவனுக்கும் இருக்கலாம். அல்லது, அப்பா சாப்பிடுவதைப் பார்த்து அதுதான் முறை என்று நினைத்திருக்கலாம். எது என்று கடிதத்தைப் படித்து நான் சொல்ல முடியாது, எதிரில் உட்கார்ந்து நீங்களும் சொல்ல முடியாது. குழந்தைகளுக்கான குடல் மருத்துவர் பார்க்கட்டும். தேவைப்பட்டால் உணவுக்குழாயில் திசுத் துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் இயோசினோபில் என்ற ஒருவகை வெள்ளை அணுக்களை எண்ணுவார்கள். ஒரு பார்வைப் பரப்பில் 15 அல்லது அதற்கு மேல் என்பதுதான் இந்த நோய்க்கான கணக்கு.

உங்கள் கதைக்கும் அதே கணக்குதான். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் அழற்சி திரும்பிவிடும், சத்தமில்லாமல். வருடக்கணக்கில் விட்டால் தழும்பேறிக் குழாய் குறுகும். வலி இல்லை, அடைப்பு இல்லை என்பதை வைத்து உள்ளே நலம் என்று முடிவு கட்ட முடியாது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, விழுங்கும் ஸ்டீராய்டு, பால் கோதுமை என்று ஒவ்வாத உணவை விலக்கிப் பார்ப்பது, குறுகிய குழாயை விரித்துவிடுவது, 2022 முதல் அழற்சியை அடக்கும் டுபிலுமாப் ஊசி என்று வழிகள் இருக்கின்றன. நீங்கள் பிடித்துக்கொண்டது தண்ணீர் டம்ளரை.

இப்போது மனைவி. பயமுறுத்த விருப்பமில்லை என்பதைத் தியாகம் போல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது கோழைத்தனமாகத் தெரிகிறது. மூன்று வருடமாக அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது, தன்னோடு நாலு இடத்துக்கு வரப் பிடிக்காத புருஷன். உண்மை தெரிந்தால் பயப்படுவாள், படட்டுமே! வீட்டு மனுஷனுக்காக அவள் பயப்படாமல் யார் பயப்படுவது? பிள்ளைக்கு என்னவோ இருக்கலாம் என்பதை அவளிடமிருந்து மறைக்க உங்களுக்கு உரிமையும் கிடையாது.

இன்று இரவே சொல்லுங்கள், வாயுத் தொல்லை என்று சொன்ன பொய்யிலிருந்து ஆரம்பித்து. நாளை இரண்டு பேருக்கும் டாக்டரிடம் நேரம் வாங்குங்கள். அதற்குள் ஏதாவது சிக்கி எச்சில்கூட இறங்காமல் போனால், தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். வண்டியை உங்கள் மனைவி ஓட்டட்டும்.