கோடையில் நாய்களின் நீர் விளையாட்டு: எவற்றை வாங்கலாம், எவற்றைத் தவிர்க்கலாம்?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு வயது லாப்ரடாரும் நான்கு வயது பக் நாயும் வளர்கின்றன. கோடைக்காக லைஃப் ஜாக்கெட், காற்றடைக்கும் தொட்டி, மிதக்கும் பந்து ஆகியவற்றை வாங்க நினைக்கிறோம். இவற்றில் எவை உண்மையில் தேவை?

பதில்: உங்கள் இரு நாய்களின் தேவைகளும் வேறுவேறானவை. எல்லா நாய்களும் பிறவியிலேயே நன்றாக நீந்தும் என்ற நம்பிக்கை சரியானதன்று. தட்டையான முகம் கொண்ட பக், தன் நாசியை நீருக்கு மேலே வைத்திருக்கத் தலையை மிகவும் நிமிர்த்த வேண்டியிருக்கிறது. அப்போது அதன் பின்னுடல் தாழ்ந்து, விரைவிலேயே களைத்துவிடுகிறது. ஆகவே ஆழமான நீருக்கு அருகே செல்லும்போதெல்லாம் பக் நாய்க்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம் தேவை. லாப்ரடார் இயல்பாகவே நன்றாக நீந்தும் இனம் என்றாலும், ஓடும் நீரிலும் படகிலும் அதற்கும் ஜாக்கெட் அணிவிப்பதே நல்லது.

ஜாக்கெட்டை நாயின் எடையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், மார்பின் அகலமான பகுதியைச் சுற்றி நாடாவால் அளந்து, அந்த அளவுக்கேற்பத் தேர்ந்தெடுங்கள். முதுகில் உறுதியான கைப்பிடி இருக்க வேண்டும். பக் நாய்க்கு மோவாயைத் தாங்கும் முன்மிதவையும் இருப்பது நல்லது. அணிவித்தபின் கைப்பிடியைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். உடல் சாயாமலும் நழுவாமலும் இருந்தால் அளவு சரி. கரையேறியதும் ஜாக்கெட்டைக் கழற்றிவிடுங்கள். வெயிலில் அது உடல் வெப்பத்தை அடக்கிவைக்கும். எந்த ஜாக்கெட்டும் அருகிலிருக்கும் மனிதரின் கவனத்துக்கு மாற்றாகாது.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது பந்தைப் பற்றியதே. நீரில் எறிந்த பொருளை எடுத்துவர வாயை அகலத் திறக்கும் நாய், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீரை விழுங்குகிறது. ஆர்வமுள்ள லாப்ரடார் நிறுத்தாமல் விளையாடினால், இரத்தத்தில் சோடியத்தின் அளவு ஆபத்தான அளவுக்குக் குறைந்து மூளை வீங்கக்கூடும். குழாயிலிருந்து பீறிடும் நீரைக் கடித்து விளையாடும் நாய்களுக்கும் இதே ஆபத்து உண்டு. எனவே உருண்டையான பந்துக்குப் பதிலாக, வாயை அதிகம் திறக்காமல் கவ்வக்கூடிய தட்டையான மிதக்கும் பொம்மையை வாங்குங்கள். பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை கரையில் ஓய்வு கொடுங்கள். வயிறு உப்புதல், வாந்தி, தள்ளாட்டம், மந்தமான பார்வை ஆகியவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். சில மணி நேரத் தாமதம்கூட உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

காற்றடைக்கும் தொட்டி நகங்களால் எளிதில் கிழியும் என்பதால், கெட்டியான பிளாஸ்டிக் தொட்டியே பொருத்தமானது. அடியில் வழுக்காத விரிப்பைப் போட்டு, பக் நாயின் முழங்கை அளவுக்கு மட்டும் நீர் ஊற்றி, நிழலில் வையுங்கள். நீரை அன்றன்றே கொட்டிவிடுங்கள். தேங்கிய நீரில் கொசு பெருகும். நாய்களின் இதயப்புழு நோயைப் பரப்புவது கொசுவே.

பக் நாயின் குறுகிய மூச்சுப்பாதை வெப்பத்தை வெளியேற்றத் திணறும் என்பதால், நீரில் இருந்தாலும் நண்பகல் வெயிலில் அதை விளையாட விடாதீர்கள். மூச்சிரைப்பு சத்தமாக மாறினால் உடனே நிறுத்துங்கள். லாப்ரடாரின் தொங்கும் காதுகளில் ஈரம் தங்கித் தொற்று ஏற்படக்கூடும். ஆகவே விளையாட்டு முடிந்ததும் நல்ல நீரால் உடலைக் கழுவி, காதின் வெளிப்பகுதியை மென்மையான துணியால் ஒற்றியெடுங்கள், பஞ்சுக் குச்சியை உள்ளே விடாதீர்கள். மறுநாள் அதன் வால் துவண்டு தொங்கி, தொட்டால் வலியைக் காட்டினால், அது அதிகமாக நீந்தியதால் வரும் தசைப்பிடிப்பாக இருக்கலாம். பெரும்பாலும் சில நாள் ஓய்வில் சரியாகிவிடும் என்றாலும், மனிதர்களுக்கான வலிமாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.