பத்து நாள் பாட்டுக்குத் தொண்டை தாங்குமா?

கேள்வி: மொரிஷியஸ் ரோஸ் ஹில்லில் இருந்து எழுதுகிறேன். வயது 46. கோவில் பஜனைக் குழுவில் பாடுகிறேன். தைப்பூசக் காவடிக்குக் கொடியேற்றியதில் இருந்து பத்து நாளும் மாலையில் இரண்டு மணி நேரம் பாட்டு உண்டு. மூன்றாம் நாளே தொண்டை எரிகிறது, ஆறாம் நாள் குரல் கரகரத்துவிடுகிறது. மேலே போகும் வரிகளில் மூச்சு போதவில்லை. கழுத்தும் தோளும் வலிக்கின்றன. பிராணாயாமம் செய்து மூச்சைப் பெருக்கச் சொல்கிறார்கள். காவடிக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. இந்த முறையாவது கடைசி நாள் வரை பாட வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: எட்டு வாரம் போதும் அம்மா. ஆனால் மூச்சைப் பெருக்கும் வேலையில் அந்த வாரங்களைச் செலவழிக்க வேண்டாம். முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள்.

மூச்சு தீர்ந்துவிட்டதாகத் தோன்றும் அந்த வரியை வீட்டில் பாடுங்கள். எங்கே நிறுத்துகிறீர்களோ, அங்கே மூச்சை இழுக்காமல் அப்படியே 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றை வெளியே விடுங்கள். என்னிடம் இதே குறையோடு வந்தவர்கள் பலருக்கு அதற்குப் பிறகும் ஐந்தாறு விநாடி காற்று வந்துகொண்டே இருந்தது. உங்களுக்கும் அப்படி வந்தால், மூச்சு தீரவில்லை, மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். மிச்சம் இருப்பது பழைய காற்று. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நெஞ்சு நிறைய இழுத்து, பாதியைக்கூடச் செலவழிக்காமல், அதன் மேலேயே மறுபடி இழுக்கிறோம். உள்ளே கரியமில வாயு சேரச் சேர உடம்பு மூச்சுக்குத் தவிக்கிறது. நெஞ்சு நிறைந்திருக்கும்போதே மூச்சு முட்டுவது இதனால்தான். அந்த நேரத்தில் இன்னும் இழுத்தால் இன்னும் முட்டும்.

நிறைய இழுப்பதால் வரும் இன்னொரு கெடுதல்தான் உங்கள் தொண்டை எரிச்சலுக்குக் காரணம் என்று நினைக்கிறேன். நுரையீரல் பலூன் மாதிரி. முட்ட ஊதினால் அதே வேகத்தில் காற்றை வெளியே தள்ளப் பார்க்கும். விலா எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தசைகள் விலாவை விரித்தபடி பிடித்துக்கொண்டால் காற்று கொஞ்சம் கொஞ்சமாக வரும். அவை பிடிக்காவிட்டால் அத்தனை அழுத்தத்தையும் தொண்டையில் இருக்கும் குரல் நாண்கள் தாங்க வேண்டும். அவை ஒன்றோடொன்று இறுகி, நெரிந்து, காற்றைத் தடுக்கின்றன. மதகு விலாவில் இருக்க வேண்டும். நீங்கள் அதைத் தொண்டையில் வைத்திருக்கிறீர்கள். இரண்டு மணி நேரம் அப்படிப் பாடினால் நாண்கள் வீங்காமல் என்ன செய்யும்?

ஆகவே, முதலில் மூச்சை விடப் பழகுங்கள். தரையில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலைக்கு அடியில் மெல்லிய புத்தகம் ஒன்றை வையுங்கள். இரண்டு கையும் கடைசி விலாவின் மேல் இருக்கட்டும். மெதுவாக 'ஸ்ஸ்ஸ்' என்று விடுங்கள். எவ்வளவு நேரம் விடுகிறீர்கள் என்று எண்ண வேண்டாம். ஓசை நடுங்காமல், ஒரே சீராக இருக்கிறதா என்று மட்டும் காது கொடுங்கள். முடிந்ததும் ஒரு கணம் சும்மா இருங்கள். பிறகு வயிற்றைத் தளர்த்துங்கள். நீங்கள் இழுக்காமலே காற்று உள்ளே வரும், விலா பக்கவாட்டில் விரிந்து கையைத் தள்ளும். அந்த அளவு மூச்சு ஒரு வரிக்குத் தாராளம். போன வருடம் ஒரு மாணவிக்கு இது பிடிபட இரண்டு வாரம் ஆனது. முதல் நாட்களில் காற்று வரும் முன்பே அவர் தோள் மேலே ஏறிவிடும். அவர் கையின் மேல் என் கையை வைத்து, "இழுக்காதே, வரட்டும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் விலா தானாக விரிந்தது. அன்றைக்குப் பாடியதும், "இவ்வளவு கொஞ்சம் மூச்சில் பாட முடியுமா?" என்று கேட்டார்.

படுத்தபடி வந்தது உட்கார்ந்தபடி வந்த பிறகு, 'ஸ்ஸ்' முடிந்து வரும் மூச்சிலேயே சட்ஜத்தை, அதாவது 'ஸ' ஸ்வரத்தைப் பிடியுங்கள். அப்புறம் ஒரு வரி. தினமும் பத்து நிமிடம் போதும்.

பெரியவர்கள் "நாபியில் இருந்து பாடு" என்பார்கள். அது சரியான வார்த்தை. ஆனால் பலர் அதைக் கேட்டு வயிற்றை உள்ளே இறுக்கி அமுக்குகிறார்கள். வயிறு இறுகினால், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் கீழே இறங்க இடம் இல்லை, மூச்சு தோளுக்கு ஏறிவிடும். பாடும்போது அடிவயிறு மெல்ல மெல்ல உள்ளே போகும், வரி முடிந்ததும் முழுதாக விடுபடும். விடுபடுவதுதான் பாதி வித்தை. பிராணாயாமம் உடம்புக்கு நல்லது, செய்யுங்கள். பாடப் போகும் முன் மட்டும் கும்பகம், அதாவது மூச்சை உள்ளே அடக்கி வைப்பது, வேண்டாம். அடக்கும் பழக்கம் பாட்டுக்குள்ளும் வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கழுத்து வலிக்கு வருகிறேன். பஜனையில் எப்படி உட்காருகிறீர்கள்? சம்மணம் போட்டு, பாட்டுத் தாளை மடியில் வைத்துத்தானே? நம் ஊரில் பலர் தமிழ்ப் பாட்டை ரோமன் எழுத்தில் பார்த்துப் படிக்கிறார்கள், கண்ணைத் தாளில் இருந்து எடுக்கவே முடியாது. தலை குனிந்து, தாடை மார்பை நெருங்கி, குரல்வளைக்கு அசைய இடம் இல்லாமல் போகிறது. மேல் ஸ்தாயி வந்ததும் அந்த நெருக்கடியில் இருந்து தப்பத் தாடையை முன்னே நீட்டுகிறோம். ஒரு பாட்டில் இது இருபது முறை நடந்தால் கழுத்து வலிக்காதா? தாளைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், சின்ன ஸ்டாண்டு ஒன்று போதும். அதைவிட நல்லது, பத்துப் பாட்டையாவது மனப்பாடம் செய்வது. உட்காரும் இடத்தில் ஒரு போர்வையை நான்காக மடித்துப் போடுங்கள். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்தால் முதுகு தானாக நிமிரும். ராணுவக்காரர் மாதிரி நெஞ்சை நிமிர்த்த வேண்டாம், அதுவும் இறுக்கம்தான்.

நாக்கு இறுகுவதைப் பலர் கவனிப்பதில்லை. நாக்கின் வேர் ஒரு சின்ன எலும்பு வழியாகக் குரல்வளையோடு இணைந்திருக்கிறது. நாக்கு பின்னால் இழுபட்டால் குரலும் அமுங்கும். கிரியோல் பேசியே வளர்ந்த நமக்கு 'ர' தொண்டைப் பக்கம் போகிறது. 'முருகா' என்று பாடும்போது அந்தக் 'ரு' எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். நாக்கின் நுனி மேல் பல்லுக்குப் பின்னால் லேசாகத் தட்டினால் தொண்டை திறந்திருக்கும். தாடைக்குக் கீழே கட்டைவிரலை வைத்துக்கொண்டு பாடிப் பாருங்கள். அங்கே சதை கல் மாதிரி ஆனால் நாக்கு இறுகியிருக்கிறது.

குரலைத் தளர்த்த எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி ஒன்று. அரை டம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழலை இரண்டு விரற்கடை அமிழ்த்தி, 'ஊ' என்று குரல் கொடுத்துக்கொண்டே குமிழி விடுங்கள். குமிழி ஒரே சீராக வர வேண்டும். கீழே இருந்து மேலே, மேலே இருந்து கீழே குரலை வழுக்கிக்கொண்டு போங்கள். குழலுக்குள் எதிர்த்து நிற்கும் காற்று நாண்களை மிருதுவாகப் பிரித்து வைக்கும், அவை அடித்துக்கொள்ளாமல் அதிரும். பஜனைக்கு முன் ஐந்து நிமிடம், முடிந்த பிறகு இரண்டு நிமிடம் செய்யுங்கள். பாடி முடித்த பிறகு செய்வதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

தவிலும் உடுக்கையும் முழங்கும்போது நம் குரல் நமக்கே கேட்காது, கேட்காவிட்டால் தானாகக் கத்துவோம். பிரான்சைச் சேர்ந்த லொம்பார் என்ற மருத்துவர் 1911-இலேயே இதை எழுதியிருக்கிறார். மன உறுதியால் இதைத் தடுப்பது கடினம். ஒரு காதை விரலால் லேசாக மூடுங்கள், உங்கள் குரல் உள்ளே கேட்கும். மேளத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் எதிரே உட்காராதீர்கள். சாம்பிராணிப் புகைக்கு எட்டி, வாசல் பக்கம் இடம் பிடியுங்கள். 'அரோகரா' கோஷம்தான் பாட்டைவிட அதிகமாகக் குரலைக் கெடுக்கிறது. தொண்டையில் இருந்து வெட்டிக் கத்தாமல், 'ரா'வில் வாயைத் திறந்து நீட்டிச் சொல்லுங்கள். முன்னவர் பாடிப் பின்னவர் வாங்கும் பாட்டுகளில், உங்கள் முறை இல்லாதபோது உண்மையிலேயே சும்மா இருங்கள்.

விரத நாட்களில் இரவு பூஜை முடிந்து தாமதமாகச் சாப்பிட்டு உடனே படுப்பீர்கள். வயிற்று அமிலம் மேலேறிக் குரல் நாண்களைச் சுடும். காலையில் கரகரப்பு அதிகமானால் இதைச் சந்தேகப்படுங்கள். படுக்க இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிக்கப் பாருங்கள். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் வியர்த்துக் கொட்டும். குடிக்கும் தண்ணீர் நேராக நாண்களுக்குப் போவதில்லை, உடம்பு முழுவதும் ஈரமானால்தான் அவையும் ஈரமாகும். ஆகவே, காலையில் இருந்தே குடித்துக்கொண்டிருங்கள். குரல் கம்மினால் கிசுகிசுப்பாகப் பேசாதீர்கள், செருமாதீர்கள், வாயை மூடி ஓய்வு கொடுங்கள். பாடும்போது வலித்தால் அன்று நிறுத்திவிட வேண்டும். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல் நாண்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் செய்தும் மேல் வரிகள் கஷ்டமாகவே இருந்தால் தவறு உங்களிடம் இல்லை, சுருதியில் இருக்கிறது. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். நம் கோவில்களில் பெரும்பாலும் ஆண்கள் ஒரு கட்டையில் தொடங்குவார்கள். பெண்கள் அதே ஸ்தாயியில் முனகுவார்கள், அல்லது ஒரு ஸ்தாயி மேலே போய்க் கத்துவார்கள். பெண் குரலுக்கு வழக்கமாக வசதியான ஐந்தரைக் கட்டையில் மேல் சட்ஜம் விநாடிக்கு ஏறக்குறைய 415 அதிர்வு. ஒரு கட்டையில் மேல் ஸ்தாயியில் பாடினால் அதே மேல் சட்ஜம் 523. நாண்கள் ஒவ்வொரு விநாடியும் அத்தனை முறை அடித்துக்கொள்ள வேண்டும், அதுவும் பத்து நாள். எந்தப் பயிற்சியும் இதைச் சரிசெய்யாது. பாதிப் பாட்டுகளைப் பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் எடுத்துப் பாட, ஆண்கள் பல்லவியை மட்டும் கீழ் ஸ்தாயியில் வாங்கட்டும். மீதியில் ஆண்கள் முன்னால் பாடட்டும். ஆர்மோனியக்காரரிடம் இந்த வாரமே பேசுங்கள். கொடியேறிய பிறகு சுருதியை மாற்ற யாருக்கும் மனம் வராது.