சிகாகோவில் வீடு பார்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஊர்க்கதை

தம்பி, வேலை கிடைத்து சிகாகோவுக்கு வரப்போவதாகச் சொல்லி, இரண்டு கேள்வி கேட்டிருந்தீர்கள். எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம் என்பது ஒன்று. இருநூறு வருஷம்கூட ஆகாத ஊருக்கு அப்படி என்ன வரலாறு என்பது இன்னொன்று. இரண்டாவதில் தொடங்குகிறேன். இங்கே பேஸ்மென்ட்டில் ஏன் தண்ணீர் ஏறுகிறது, குழாய்க்கு ஏன் ஃபில்டர் மாட்டுகிறோம் என்பதெல்லாம் அந்தக் கதையில்தான் இருக்கிறது.

மிசிகன் ஏரியில் ஒரு சின்ன ஆறு வந்து விழுந்த சதுப்பு நிலம் இது. பொட்டவாட்டமி என்ற பூர்வகுடி மக்களின் மண். வெளியிலிருந்து வந்து முதலில் நிலையாகக் குடியேறியவர் து சாபிள் என்ற கறுப்பின வணிகர். 1780களில் ஆற்றின் வடகரையில் வீடு கட்டினார். அவர் மனைவி கிட்டிஹாவா பொட்டவாட்டமிப் பெண். 1803இல் அமெரிக்க ராணுவம் கோட்டை கட்டியது. 1833 ஒப்பந்தத்தோடு பொட்டவாட்டமிகளை மிசிசிப்பிக்கு மேற்கே அனுப்பிவிட்டார்கள். அந்த அநியாயத்தின் மேல்தான் ஊர் எழுந்தது. 1837இல் நகரமானபோது இருந்தவர்கள் சுமார் 4,000 பேர்.

இந்தச் சேற்றில் ஏன் ஊர் கட்ட வேண்டும்? ஏரிக்கும் மிசிசிப்பி ஆற்றுப் படுகைக்கும் நடுவே இருப்பது ஒரு தாழ்ந்த மேடு மட்டுமே. படகைத் தூக்கிக்கொண்டு அதைக் கடந்துவிட்டால் தெற்கே கடல்வரை போகலாம். 1848இல் அங்கே 96 மைல் கால்வாயை வெட்டி முடித்தார்கள். அதே வருஷம் ரயிலும் வந்தது. 1890க்குள் மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது.

ஆனால் நிலம் ஏரி மட்டத்துக்குச் சில அடி உயரம்தான். சாக்கடை ஓட வாட்டமே இல்லை. 1854இல் காலரா ஊரையே உலுக்கியது. செஸ்ப்ரோ என்ற பொறியாளரை அழைத்தார்கள். மண்ணைத் தோண்டி வாட்டம் கொடுக்க வழியில்லாததால், அவர் குழாய்களைத் தெருவின் மேலேயே போட்டு, மண் கொட்டி மூடி, தெருவையே உயர்த்தச் சொன்னார். அப்புறம் கட்டடங்களையும் தூக்க வேண்டியதாயிற்று. 1860இல் லேக் தெருவில் 320 அடி நீளக் கடை வரிசை ஒன்றை, 600 பேர் 6,000 திருகு ஜாக்கிகளை ஒரே சீராகத் திருகி, ஐந்தே நாளில் நாலரை அடிக்கு மேல் உயர்த்தினார்கள். உள்ளே வியாபாரம் நிற்கவில்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது மலைப்பாகவே இருக்கிறது.

எல்லோரிடமும் வீட்டைத் தூக்கப் பணம் இல்லை. பில்சன் என்ற பழைய பகுதிக்குப் போய்ப் பாருங்கள்: நடைபாதை உயரத்தில் இருக்கும், வீட்டு முற்றம் கீழே குழியில் கிடக்கும், மாடிக் கதவுக்குச் சின்னப் பாலம்போலப் படி போகும். அந்த மாதிரிக் கீழ்த்தளத்தையும் பேஸ்மென்ட்டையும் ‘கார்டன் அபார்ட்மென்ட்’ என்று குறைந்த வாடகைக்கு விடுவார்கள். மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகிற ஊர் இது. மிஞ்சும் தண்ணீரைத் தேக்க 1975இல் தொடங்கி பூமிக்கடியில் 109 மைல் சுரங்கம் வெட்டியும், பெருமழை அடித்தால் சில இடங்களில் அந்தத் தண்ணீர் வீட்டுக்குள் பின்னோக்கி ஏறத்தான் செய்கிறது. எங்கள் முதல் வீட்டில் தரை வடிகால் வழியே கறுப்புத் தண்ணீர் பொங்கி, அரிசி மூட்டையும் மகளின் புத்தகங்களும் போயின. அதனால் முதல் மாடியிலோ அதற்கு மேலோ பாருங்கள். கீழ்த்தளம்தான் கிடைக்கிறது என்றால், கடந்த பெருமழையில் தண்ணீர் வந்ததா என்று பக்கத்து வீட்டிலும் விசாரியுங்கள்.

குடிநீர்க் கதை வேறு. கழிவு ஆற்றில் விழுந்து ஏரிக்குப் போனது. குடிக்கும் தண்ணீரும் அதே ஏரியில்தான் எடுத்தார்கள். 1867இல் கரையிலிருந்து இரண்டு மைல் தள்ளிப்போய்த் தண்ணீர் எடுத்தும் போதவில்லை. கடைசியில் 28 மைல் கால்வாய் வெட்டி, 1900 ஜனவரியில் ஆற்றையே ஏரிக்கு எதிர்த்திசையில் திருப்பிவிட்டார்கள். அந்தத் தண்ணீர் போகும் வழியில் கீழே இருந்த மிசூரி மாநிலம் வழக்குப் போட்டுத் தோற்றது. இன்று ஏரித் தண்ணீர் நல்ல தண்ணீர். வீட்டுக்கு வரும் குழாயில்தான் வில்லங்கம்: 1986வரை ஈயக் குழாய்தான் போட வேண்டும் என்று இந்த ஊரில் விதியே இருந்தது. பழைய வீடானால், குறிப்பாகச் சின்னக் குழந்தை இருந்தால், ஈயத்தை வடிகட்டும் ஃபில்டர் கட்டாயம். நகராட்சியின் உதவி எண்ணான 311க்குச் சொன்னால் பரிசோதனைப் பெட்டி இலவசமாகத் தருவார்கள்.

1871 அக்டோபர் தீயைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். சுமார் 300 பேர் இறந்தார்கள், ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். பழியை ஓலியரி என்ற ஐரிஷ் குடியேறிப் பெண்ணின் மாட்டின்மேல் போட்டுவிட்டார்கள். நகர மன்றம் அவரை நிரபராதி என்று சொன்னது 1997இல். வந்தேறி என்றால் பழி எவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்கிறது பாருங்கள்.

‘தெற்குப் பக்கம் போகாதே’ என்று நம்மவர்களே சொல்வார்கள். தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பின மக்களுக்கு மற்ற இடங்களில் வீடு விற்கக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்த ஊர் இது. வங்கிகளும் கடன் மறுத்தன. 1919இல் ஏரியில் மிதந்துகொண்டிருந்த யூஜின் வில்லியம்ஸ் என்ற கறுப்பினச் சிறுவன் ஒரு வெள்ளையரின் கல்லெறியில் மூழ்கி இறந்து, தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் மாண்டார்கள். இதெல்லாம் தெரியாமல் ஒரு திசையையே ஒதுக்காதீர்கள். சிகாகோ பல்கலைக்கழகம் இருக்கும் ஹைட் பார்க் பகுதியும் தெற்கில்தான் இருக்கிறது. பார்த்திருக்கும் தெருவில் பகலிலும் இரவிலும் ஒருமுறை நடந்துவிட்டு முடிவெடுங்கள்.

நேப்பர்வில், அரோரா போன்ற புறநகர்கள் பக்கம் நம்மவர்கள் அதிகம். ஆனால் அலுவலகம் லூப் எனப்படும் நகர மையத்தில் என்றால் முதல் வருஷம் நகரத்துக்குள், ‘எல்’ என்ற நகர ரயிலின் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் எடுங்கள். விளம்பரத்தில் முகவரி பார்க்கும்போது, ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் இடம்தான் பூஜ்யம். வடக்கிலும் மேற்கிலும் 800 எண்ணுக்கு ஒரு மைல். 2400 நார்த் என்றிருந்தால் மேடிசனிலிருந்து மூன்று மைல் வடக்கே.