குடும்பத்தோடு எடை குறைக்க, வீட்டுக்கே வந்து சேரும் மளிகையும் வாரச் சமையல் திட்டமும் உண்மையில் உதவுமா?

உதவும், எங்கள் வீட்டில் உதவியது. ஆனால் எங்களைப் பருக்க வைத்ததிலும் அதே மளிகை ஆப்புக்குப் பங்கு உண்டு என்பதால், இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி கேட்டவர், நான்கு பேர் உள்ள குடும்பம், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறோம், ஆளுக்கொரு சமையல் செய்ய முடியாது என்று குறிப்பிட்டிருக்கிறார். எங்கள் நிலையும் ஏறக்குறைய அதுவே. ஆவடியில் குடியிருக்கிறோம். நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். மனைவி பள்ளி ஆசிரியை. வீட்டில் 69 வயது அம்மாவும், அப்போது ஏழாம் வகுப்பில் இருந்த மகனும். 2024 ஜூன் மாதம் தொடங்கியபோது 170 செ.மீ. உயரத்துக்கு என் எடை 91 கிலோ, 157 செ.மீ. உயரமுள்ள மனைவிக்கு 74 கிலோ. உடல் நிறை எண் (BMI, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் கணக்கு) 23ஐத் தாண்டினால் அதிக எடை என்றும் 25ஐத் தொட்டால் பருமன் என்றும் நம் நாட்டு மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். எனக்கு அது 31, அவளுக்கு 30.

எல்லோரையும் போல நாங்களும் முதலில் தட்டிலிருந்துதான் தொடங்கினோம். கஞ்சி, சாலட், இரவில் சப்பாத்தி என்று இரண்டு மூன்று முறை முயன்று, ஒவ்வொரு முறையும் பத்து நாளில் பழைய இடத்துக்கே வந்து நின்றோம். அலமாரியில் மிக்சர் டப்பா நிறைந்திருக்கும்போது, மாலை ஆறு மணிக்குப் பசியோடு வீட்டுக்குள் நுழைகிறவனிடம் மன உறுதியை எதிர்பார்ப்பது வீண். என் தொழிலில் ஒரு பொருள் அளவுக்கு மேல் செலவானால் முதலில் பார்ப்பது வரவுப் பதிவேட்டைத்தான். அந்தப் புத்தி வீட்டு விஷயத்தில் எனக்கு வர இத்தனை ஆண்டுகள் ஆயின. ஆப்பில் பழைய ஆர்டர்கள் அத்தனையும் அப்படியே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, முந்தைய மூன்று மாத ஆர்டர்களை எடுத்து, தெருமுனைக் கடையில் வாங்கியதையும் சேர்த்து, பொருள்வாரியாகக் கூட்டிப் பார்த்தேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோலும் கையில் இருந்தது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்களைப் புதுப்பித்து வெளியிட்டது. அதில் 2,000 கிலோ கலோரி கொண்ட ஒரு நாள் உணவுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம் (அசைவம் சாப்பிடுகிறவர்கள் இதில் ஒரு பகுதியை முட்டை, மீன், இறைச்சியாக வைத்துக்கொள்ளலாம்), காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், எண்ணெய் 27 கிராம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். தட்டில் விழும் உணவை யாரும் தினமும் நிறுத்துப் பார்க்க முடியாது. ஆனால் இதையே நான்கு பேருக்கு முப்பது நாளுக்கு என்று பெருக்கினால், அது மாத மளிகைப் பட்டியலாகவே ஆகிவிடுகிறது. அம்மாவுக்கும் மகனுக்கும் தேவை சற்று வேறுபடும் என்றாலும், தோராயமான கணக்குக்கு இது போதும்.

தானியம் மாதம் 30 கிலோ இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் 25 கிலோ மூட்டை ஒன்று, இட்லி அரிசி 10 கிலோ, கோதுமை மாவு 5 கிலோ, ரவையும் சேமியாவும் 2 கிலோ என்று 42 கிலோ வந்துகொண்டிருந்தது. பருப்பும் பயறும் 10 கிலோ இருக்க வேண்டிய இடத்தில் உளுந்தையும் சேர்த்து நாலரைக் கிலோதான் வந்தது. முட்டையையும் ஞாயிற்றுக்கிழமைக் கறியையும் சேர்த்துக்கொண்டாலும் துண்டுதான் விழுந்தது. காய்கறி வாரத்துக்கு 11 கிலோ வேண்டும். உருளைக்கிழங்கைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் 5 கிலோகூட வரவில்லை. எண்ணெய் 5 லிட்டர். அதாவது ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 கிராம், ஏறத்தாழ 340 கிலோ கலோரி. ஓட்டலில் சாப்பிட்டதும் பாக்கெட்டில் வந்த நொறுக்குத் தீனியும் இந்தக் கணக்கில் சேராது. சர்க்கரை 3 கிலோ, ஆளுக்கு நாளொன்றுக்கு 25 கிராம். பிஸ்கட்டில் ஒளிந்திருக்கும் சர்க்கரை அதற்கு மேல். இந்தக் காகிதத்தை மனைவியிடம் காட்டியபோது அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நாம அதிகமா சாப்பிடறோம்னு நினைச்சேன், ஆனா காயும் பருப்பும் குறைவாத்தானே சாப்பிட்டிருக்கோம்" என்றாள்.

ஆகவே நாங்கள் எடுத்த முதல் முடிவு, சாப்பாட்டில் கை வைக்காமல் ஆர்டரில் கை வைப்பது என்பது. எண்ணெய் மாதம் 3 லிட்டர்தான் வீட்டுக்குள் வரும். தீர்ந்துபோனால் அடுத்த மாதம் வரை தாளிப்பதற்கு மட்டும் கால் லிட்டர். முதல் மாதம் 22ஆம் தேதியே தீர்ந்துவிட்டது, அந்தக் கடைசி வாரம் முழுவதும் இட்லியும் ஆவியில் வேகும் கொழுக்கட்டையுமாக ஓடியது. இரண்டாம் மாதம் அம்மாவே எண்ணெய்த் தூக்கில் ஒரு கரண்டியைப் போட்டு வைத்து, அதில் அளந்து ஊற்றத் தொடங்கிவிட்டார். சர்க்கரை ஒன்றரைக் கிலோ. அரிசிப் பையை 15 கிலோவாக்கி, மீதிப் பணத்துக்குத் துவரை, பாசிப்பருப்பு, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, தட்டப்பயறு வாங்கினோம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அரிசியை நிறுத்திவிட்டுத் தினையும் சாமையும் வரகும் வாங்குங்கள், தானாக இளைத்துவிடும் என்று பலர் எழுதுகிறார்கள். நார்ச்சத்து கூடுதல், சீக்கிரம் வயிறு நிறையும் என்பதெல்லாம் சரிதான். ஆனால் 100 கிராம் அரிசியில் இருக்கும் கலோரிக்கும் 100 கிராம் சாமையில் இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. சாமைச் சோற்றை மூன்று முறை போட்டுச் சாப்பிட்டால் அரிசிச் சோற்றின் பலன்தான் கிடைக்கும்.

வீட்டில் சோற்றுக்கு அம்மாவின் ஆழாக்குதான் அளவு. அதில் தலைதட்டி அளந்தால் 140 கிராம் அரிசி பிடிக்கிறது, நிறுத்துப் பார்த்தேன். மதியத்துக்கு மூன்று ஆழாக்கு போட்டுக்கொண்டிருந்தவரிடம் இரண்டு போதும் என்றதும், "நாலு பேர் வீட்டுல ரெண்டு ஆழாக்கா?" என்று திகைத்தார். குறைந்த சோற்றுக்கு ஈடாகப் பொரியலும் கூட்டும் இரட்டிப்பாக வந்தபோது, தட்டைப் பார்த்துவிட்டு, "கறிக்குத் தொட்டுக்கச் சோறாடா?" என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் உண்மையில் அதுவேதான் திட்டம்.

இனி வாரத் திட்டம். வெள்ளிக்கிழமை இரவு இருபது நிமிடம் இதற்கு ஒதுக்குகிறோம். காய்கறி ஆர்டர் வாரத்தில் இரண்டு முறை, சனிக்கிழமையும் புதன்கிழமையும். ஒரே முறையாக 11 கிலோ வாங்கினால் குளிர்பெட்டியில் இடமும் இருக்காது, பாதி அழுகியும் போகும். முதல் மாதம் அப்படித்தான் இரண்டு கிலோவைக் குப்பையில் கொட்டினோம். ஸ்டோர்ஸில் சீக்கிரம் கெடும் சரக்கை முதலில் வெளியே அனுப்புவது போல, வெண்டையும் புடலையும் வந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும், அவரையும் பீன்ஸும் அதன் பிறகு, முட்டைக்கோஸ், பீட்ரூட், சௌசௌ, பூசணி எல்லாம் அடுத்த ஆர்டர் வரும் வரை என்று வரிசை வைத்திருக்கிறோம். கீரையை மட்டும் ஆப்பில் வாங்குவதில்லை. காலை ஏழு மணிக்குத் தெருவில் வரும் கீரைக்காரம்மாவிடம் வாங்கி அன்று மதியமே சமைத்துவிடுகிறோம். இரவில் கீரை ஆகாது என்பதில் அம்மா விட்டுக்கொடுக்க மாட்டார்.

முதலில் "செவ்வாய் கொத்தவரங்காய்" என்று காயின் பெயரையே எழுதினோம். அது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. கேட்ட காய் இருப்பில் இல்லை என்று கடைசி நேரத்தில் செய்தி வரும். ஒருமுறை அவரைக்காய்க்குப் பதிலாக இரண்டு கிலோ உருளைக்கிழங்கு வந்து இறங்கியது, அந்த வாரம் முழுவதும் மகனுக்குக் கொண்டாட்டம். இப்போது "ஒரு நீர்க்காய் கூட்டு, ஒரு பொரியல்" என்று வகையை மட்டும் எழுதுகிறோம். சுரையோ பீர்க்கோ புடலையோ எது வந்தாலும் கூட்டு கூட்டுதான்.

எடை உண்மையில் ஏறியது மாலை ஐந்திலிருந்து ஏழு மணிக்குள் என்பதால் திட்டத்தில் அதிகக் கவனம் அந்த வேளைக்குத்தான். திங்கள் கொண்டைக்கடலைச் சுண்டல், புதன் பச்சைப்பயறு, வெள்ளி தட்டப்பயறு. இடைப்பட்ட நாட்களில் அவித்த முட்டை, கொய்யா, அல்லது ஒரு கைப்பிடி வேர்க்கடலை. எழுதி ஒட்டியும் இரண்டு வாரம் இது நடக்கவில்லை. காரணம், கடலையை ஊறவைக்க யாருக்கும் நினைவில்லை. மாலையில் பசிக்கும்போது ஊறாத கடலையைப் பார்த்தால் கை பிஸ்கட்டுக்குத்தான் போகும். அதன் பிறகு பட்டியலில் உணவின் பெயருக்குப் பக்கத்தில் முந்தின இரவுக்கான வேலையையும் எழுதினோம்: "ஞாயிறு இரவு: கடலை இரண்டு ஆழாக்கு ஊறட்டும்." அந்த வேலை மகனுடையது. வார மெனு அட்டைகளை இணையத்திலிருந்து இறக்கி ஒட்டிக்கொள்கிறவர்கள் கோட்டை விடும் இடம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆப் விரிக்கும் வலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். "இன்னும் 47 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்" என்று திரை காட்டும். முப்பது ரூபாய்க் கட்டணத்தை மிச்சப்படுத்த ஐம்பது ரூபாய்ச் சிப்ஸை வாங்கி, அதைத் தின்றும் தீர்க்கிற ஒரே ஜீவன் மனிதன்தான். இப்போது அந்தத் தொகையை நிரப்பவென்றே துணி சோப்பு, பாத்திரம் தேய்க்கும் நார், உப்பு என்று தின்ன முடியாத பொருள்களாக ஒரு தனிப் பட்டியல் வைத்திருக்கிறோம். பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தரும் ஆப்களை இருவர் கைபேசியிலிருந்தும் நீக்கிவிட்டோம். இரவு பத்து மணிக்கு ஐஸ்கிரீம் ஆசை வருவதில் தவறில்லை, அது பத்தேகாலுக்கு வாசலில் நிற்பதுதான் பிரச்சினை. முன்கூட்டி நேரம் குறித்து வாங்கும் ஆப் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஆர்டர் போடுவது என்றும் ஒரு வழக்கம். புதிய பாக்கெட் எதையும் சேர்ப்பதற்கு முன் அதன் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறோம். எது அதிகமாகச் சேர்ந்திருக்கிறதோ அதைத்தான் சேர்மானங்களில் முதலில் போட வேண்டும் என்பது விதி. கோதுமை பிரெட் என்று நம்பி மாதக்கணக்கில் வாங்கிய ஒன்றில் முதல் பெயர் மைதாவாக இருந்ததை அப்போதுதான் கண்டோம்.

அம்மா சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர். சோற்றைக் குறைத்துவிட்டு மாத்திரையை மட்டும் பழைய அளவில் விழுங்கினால் சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து உண்டு. அதனால் அவருக்கு அளவைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் சொன்னோம். அவர் இரண்டு வாரம் வீட்டிலேயே சர்க்கரையைப் பார்த்து எழுதி வரச் சொல்லி, பிறகு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். இதை யாரும் தாங்களாகச் செய்ய வேண்டாம். மகனுக்கு அப்போது வயது 12. வளர்கிற பிள்ளையை எடை குறைக்கச் சொல்லவில்லை, எடை மெஷினில் ஏற்றவுமில்லை. அவனுக்குச் சோறும் பாலும் பழைய அளவுதான், மிக்சரும் குளிர்பானமும் மட்டும் வீட்டுக்கு வருவதில்லை. அவன் உயரமாகிக்கொண்டிருக்கிறான், சட்டை இடுப்பில் இறுக்குவதில்லை, அது போதும்.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். காய்கறிக்கும் பயறுக்கும் முட்டைக்கும் மாதம் ஏறத்தாழ 2,500 ரூபாய் கூடியது. வெளியிலிருந்து சாப்பாடு வரவழைப்பதும் நொறுக்குத் தீனியும் அதைவிட அதிகமாகக் குறைந்ததால் கையைக் கடிக்கவில்லை.

பலன் மெதுவாகத்தான் வந்தது. முதல் மூன்று மாதத்தில் எனக்கு நான்கு கிலோ, மனைவிக்கு இரண்டரை. புரட்டாசியில் அசைவம் நின்று பயறு கூடியதில் இன்னும் ஒன்றரை இறங்கியது. அக்டோபர் 31 அன்று வந்த தீபாவளி அதை ஒரே வாரத்தில் திருப்பிக் கொடுத்தது. உறவினர் வீடுகளிலிருந்து வந்த பலகாரம் எந்த ஆர்டரிலும் ஏறாத சரக்கு. 2025 மார்ச்சில் நான் 82, அவள் 67. அம்மாவுக்கு இரண்டு கிலோ குறைந்து, மாடிப்படி ஏறும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பது குறைந்திருக்கிறது.

வீட்டுக்குள் வருவதைத்தான் இந்த முறையால் கட்டுப்படுத்த முடியும். வைகாசியில் எங்கள் சொந்தத்தில் மூன்று கல்யாணம். வாழை இலையில் இரண்டாவது முறை வந்த ஜாங்கிரியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. ஆனி பிறந்தபோது மெஷின் 83.4 காட்டியது.