பால்டோரின் அட்டையில் இருப்பவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் ஹூஸ்டனில் வசிக்கிறேன். என் மகளின் வகுப்புத் தோழியின் தாயார் கொலம்பியாவைச் சேர்ந்தவர். பிள்ளைகளுக்கு இயற்கணிதம் சொல்லிக்கொடுக்கத் தன் பள்ளிக்காலப் புத்தகத்தை எடுத்து வந்தார். அட்டையில் தலைப்பாகையும் தாடியுமாக ஒருவர். அவர்தான் நூலாசிரியர் பால்டோர் என்று எண்ணிக்கொண்டேன். அந்த அம்மையார் சிரித்துவிட்டு, பால்டோர் கியூபாக்காரர், பள்ளி ஆசிரியர் என்றார். வீட்டுக்கு வந்து தேடியபோது அவர் பெயரில் ஒரு தேற்றம்கூட இல்லை என்று கண்டேன். புதிதாக எதையும் கண்டுபிடிக்காத ஒருவரை ஒரு கண்டமே நினைவில் வைத்திருப்பது எதனால்?

அன்புள்ள நண்பருக்கு,

அட்டையில் இருப்பவர் ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி. அவருடைய நூல்தலைப்பில் இருந்த 'அல்-ஜபர்' என்ற சொல்லிலிருந்துதான் 'அல்ஜீப்ரா' என்ற பெயர் வந்தது. உங்களுக்கு நேர்ந்த மயக்கம் லத்தீன் அமெரிக்க மாணவர்கள் பலருக்கும் நேர்ந்ததுதான். அவர்கள் அந்தப் புத்தகத்தை அதன் தலைப்பால் குறிப்பிடுவதில்லை; 'பால்டோர்' என்றே சொல்கிறார்கள். ஆசிரியரின் பெயர் புத்தகத்தின் பெயராகிவிட்டது, ஆனால் அவருடைய முகம் யாருக்கும் தெரியாமல் போய்விட்டது.

அவ்ரேலியோ பால்டோர் 1906 அக்டோபர் 22 அன்று ஹவானாவில் பிறந்தார். சட்டமும் படித்தவர், ஆயினும் வாழ்க்கை முழுவதையும் கணித வகுப்பறைக்கே கொடுத்தார். ஹவானாவின் வேதாதோ பகுதியில் அவர் நிறுவி நடத்திய பால்டோர் பள்ளியில் 3,500 மாணவர்கள் படித்ததாகவும், அவர்களை அழைத்துவர 32 பேருந்துகள் ஓடியதாகவும் அவருடைய மகன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். தினமும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களுக்கு நடுவில் இருந்த மனிதர் எழுதிய நூல் அது என்பதை மறக்காமல் அதைப் படிக்க வேண்டும் என்பேன்.

1941இல் வெளிவந்த அந்த நூலில் 39 அத்தியாயங்களும், பின்பக்கத்தில் விடைகளுடன் 5,790 பயிற்சிக் கணக்குகளும் உள்ளன. எண்ணிக்கை பெரியதுதான், ஆனால் அவருடைய திறமை கணக்குகளை அவர் அடுக்கிய வரிசையில் இருக்கிறது. ஒரு கோவையைப் பெருக்கலாகப் பிரித்து எழுதும் காரணிப்படுத்தலை அவர் பத்து வகைகளாகப் பிரிக்கிறார். மூன்றாவது வகை முழு வர்க்கமாக அமையும் மூவுறுப்புக் கோவை. நான்காவது இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம். இரண்டும் மாணவனின் கையில் படிந்த பிறகு ஐந்தாவதாக, முழு வர்க்கமாவதற்குச் சற்றே குறைபடும் கோவை ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறார்.

எழுத்துகளை விட்டுவிட்டு ஓர் எண்ணைக் கொண்டு அதைக் காட்டுகிறேன். 10,101 என்ற எண்ணைப் பாருங்கள்: 10,000, அதனுடன் 100, அதனுடன் 1. நடுவில் 100க்குப் பதில் 200 இருந்திருந்தால் மொத்தம் 10,201 ஆகியிருக்கும். அது 101இன் வர்க்கம். ஆகவே குறைபடும் 100ஐக் கூட்டிக்கொள்வோம். மதிப்பு மாறாதிருக்க அதையே உடனே கழித்தும் விடுவோம். கழித்த 100 தானே 10இன் வர்க்கம் என்பதால், இப்போது நம்மிடம் இருப்பது 101இன் வர்க்கத்திற்கும் 10இன் வர்க்கத்திற்கும் உள்ள வித்தியாசம். நான்காவது வகையில் பழகிய கை தயங்காமல் (101 + 10) பெருக்கல் (101 − 10), அதாவது 111 பெருக்கல் 91 என்று எழுதிவிடும். எதையும் சேர்க்காமலே சேர்த்து, குறைக்காமலே குறைத்து, மூடியிருந்த எண் திறந்துகொள்கிறது. முதன்முதலாக இதைச் செய்து பார்க்கும் பிள்ளை, மூன்றும் நான்கும் ஏன் முன்னால் வந்தன என்பதையும் அந்த நொடியிலேயே புரிந்துகொள்கிறது.

இந்த உத்தியைப் பால்டோர் கண்டுபிடிக்கவில்லை. எதற்குப் பிறகு எது வந்தால் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு மூச்சு வாங்காது என்பதைத்தான் கண்டுபிடித்தார். கணிதத்தைப் பற்றிய அறிவாகவே இதை நான் கருதுகிறேன். நிரூபணம் குறைவு, பழக்கம் அதிகம் என்று அவர் நூலைக் குறை கூறுபவர்களின் வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் நல்ல ஆசிரியர் அமையாத சிற்றூர்ப் பிள்ளை தனியாக உட்கார்ந்து, பின்பக்கத்து விடையோடு ஒப்பிட்டுத் தானே முன்னேற அதில் வழி இருக்கிறது என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

அவருடைய பள்ளியின் கதை துயரமானது. 1959 புரட்சிக்குப் பிறகு பால்டோரைக் கைது செய்யும் எண்ணம் ஆட்சியாளர்களிடம் இருந்ததாகவும், புரட்சித் தளபதிகளில் ஒருவரான கமிலோ சியென்ஃபுவேகோஸ் அவர்மீது கொண்ட மதிப்பால் அதைத் தடுத்ததாகவும் குடும்பத்தினர் சொல்கிறார்கள். கமிலோ சென்ற விமானம் அந்த ஆண்டு அக்டோபரில் காணாமல் போயிற்று. 1960இல் பால்டோர் மனைவியுடனும் ஏழு பிள்ளைகளுடனும் நாட்டைவிட்டு வெளியேறினார். 1961 ஜூனில் கியூபாவின் தனியார் பள்ளிகள் அனைத்தும் அரசுடைமையாயின. அதே 1961இல்தான் சுமார் ஒரு லட்சம் இளைஞர்கள் கியூபாவின் மலைக்கிராமங்கள்வரை சென்று முதியவர்களுக்கும் எழுத்தறிவித்தார்கள். அந்த இயக்கத்தை நான் மனமார மதிக்கிறேன். கல்வியை அவ்வளவு நேசித்த ஓர் ஆட்சியின் கீழ் இப்படி ஓர் ஆசிரியர் வாழ இடமில்லாமல் போனது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

மெக்சிகோ, நியூ ஓர்லியன்ஸ் வழியாக நியூயார்க்கின் புரூக்ளினுக்கு வந்து சேர்ந்தவர், பக்கத்து ஜெர்சி சிட்டியில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ் கல்லூரியில் கணிதம் கற்பித்தார். நூலின் உரிமையை மெக்சிகோவின் பதிப்பகம் ஒன்றுக்கு அவர் முன்பே விற்றுவிட்டிருந்ததாக மகன் சொல்கிறார். மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரை பிள்ளைகள் பால்டோரைத் திறந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த ஆண்டுகளில், அவர் அயல்மொழி பேசும் ஊரில் மாதச் சம்பளத்துக்குப் பாடம் நடத்தி வந்தார். 1978 ஏப்ரலில் மியாமியில் காலமானார். ஹவானாவுக்கு அவர் திரும்பவில்லை.

கண்டம் எதனால் நினைவில் வைத்திருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மகளின் தோழியின் தாயாரிடமிருந்து அந்தப் புத்தகத்தை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்குங்கள். மகளுடன் உட்கார்ந்து, மூன்றாவது வகையிலிருந்து ஐந்தாவது வகை வரை ஒரு கணக்கையும் விடாமல் போடுங்கள். ஸ்பானியம் தெரியாதது தடையாக இராது. முடித்த பிறகு 10,00,10,001 என்ற எண்ணை அவளிடம் கொடுத்துப் பாருங்கள். அதன் காரணிகளில் ஒன்று மேலே நீங்கள் ஏற்கெனவே பார்த்த எண்தான். மற்றொன்றை அவள் எனக்கு எழுதட்டும்.