1841-ல் வயது 35, ஆனால் 1806 ஞானஸ்நானப் பதிவேட்டில் ஆளைக் காணோம்

இங்கிலாந்தின் 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உங்கள் கணவரின் முன்னோர் ஜானுக்கு வயது 35, ஆனால் சஃபோக் பகுதியிலுள்ள அவர் கிராமத்தின் 1806 ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். 1806-ஐ மட்டும் பார்த்தால் போதாது. 1801 நடுப்பகுதியிலிருந்து தேடுங்கள். ஜான் அந்தப் பதிவேட்டில் கிடைக்காததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

1841 ஜூன் 6 அன்று எடுத்த கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரரும் தாளில் 35 தான்! நானும் இது தெரியாமல் ஒரு மாதம் தவறான பக்கங்களையே புரட்டிக்கொண்டிருந்தேன். சில கணக்கெடுப்பாளர்கள் உத்தரவைக் கண்டுகொள்ளாமல் சரியான வயதையே எழுதியதும் உண்டு.

1851 கணக்கெடுப்பில் அதே ஆளைப் பிடியுங்கள். அதில் வயது குறைக்கப்படாமல் இருக்கும், பிறந்த ஊரும் இருக்கும். 1841-ல் பிறந்த ஊரைக் கேட்கவில்லை, அதே கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்ற பகுதி) பிறந்தவரா என்றுதான் கேட்டார்கள். அதனால் பக்கத்து ஊர்க்காரராகக்கூட இருக்கலாம். அப்புறம் அந்த ஊர்த் தேவாலயப் பதிவேடு. பக்கங்கள் அரித்துப்போயிருந்தால் பிஷப்புக்கு அனுப்பிய நகல்கள் கவுண்டி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். குடும்பம் இங்கிலாந்துத் திருச்சபையில் சேராத, பாப்டிஸ்ட் போன்ற தனிச் சபையைச் சேர்ந்தது என்றால் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும்.

ஒன்று மட்டும்: முதலில் கண்ணில் படும் ஜானைக் குடும்ப மரத்தில் ஏற்றிவிடாதீர்கள். ஞானஸ்நானப் பதிவுக்கு அச்சிட்ட படிவம் வந்தது 1813-ல்தான். அதற்கு முந்தைய பதிவுகளில் தந்தையின் தொழில் பெரும்பாலும் இருக்காது. ஒரே ஊரில் அதே பெயரில் இரண்டு பேர் இருந்தால், அடக்கப் பதிவேட்டையும் பாருங்கள். ஒருவர் குழந்தையிலேயே இறந்திருக்கலாம்.